சோற்றின் முன்னால் உட்கார்ந்திருந்த நாய்

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் உங்களுக்காக ஏதாவது எழுதித் தரும்படி கேட்டார்கள். சரி என்று தலையாட்டிவிட்டு வந்து வெகுநாள் சும்மா உட்கார்ந்திருந்தேன். ஊசியை எங்கே போடுவது, புண்ணை எப்படிக் கட்டுவது என்பதெல்லாம் உங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். என் காலத்து மருந்துகளின் பெயரைச் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். எனக்கோ முழங்கால் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. நாலு வரி எழுதினால் கண்ணில் நீர் வடிகிறது. ஆகவே மருந்து மாத்திரையை விட்டுவிடுகிறேன். என்ன செய்வதென்று தெரியாமல் கையைப் பிசைந்துகொண்டு நின்ற சில நாட்களைப் பற்றி மட்டும் சொல்கிறேன். பொறுமை இருந்தால் படியுங்கள்.

மலாக்கா டவுனில் நான் டிரெஸ்ஸராக, அதாவது டாக்டருக்கு உதவியாளாக, இருந்த இடத்தை எல்லோரும் மாட்டாஸ்பத்திரி என்பார்கள். மாடுகளை நாங்கள்தான் தேடிப் போவோம். எங்கள் வாசலைத் தேடி வந்ததெல்லாம் வீட்டு நாயும் பூனையும்தான். கொண்டுவருகிறவர்கள் எல்லோரும் முதலில் சொல்வது ஒன்றுதான்: "நாங்க பிள்ளை மாதிரி வளக்கிறோம்." அதைக் கேட்டாலே நான் உஷாராகிவிடுவேன். பிள்ளை மாதிரி வளர்த்ததால் வந்த வியாதிகளைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

டவுனை ஒட்டிய காஜா பேராங்கில் ஓர் அம்மா தன் பூனைக்கு வெள்ளிக்கிழமை தவறாமல் எண்ணெய் தேய்த்து, சீயக்காய் போட்டுக் குளிப்பாட்டுவார். தோல் வெந்து முடி கொட்டிய பிறகு தூக்கிக்கொண்டு வந்தார். ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டால், "சூடு தணியட்டும்னுதான்" என்றார். இன்னொரு வீட்டில் புரட்டாசி மாதம் நாய்க்கும் விரதம். ரசச் சோறுதான். மாதக் கடைசியில் அது எதிர்வீட்டுக் கோழியைக் கவ்வி, விறகுக்கட்டையால் அடிபட்டு, கால் ஒடிந்து என்னிடம் வந்தது. சாமிக்கு வேண்டிக்கொண்டது நீங்கள், நாயா வேண்டிக்கொண்டது என்று கேட்டேன். அந்த வீட்டுக்காரர் அப்புறம் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

இவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. கெட்டவர்களாக இருந்தால் கோபப்பட்டுவிட்டுப் போகலாம். அன்பாகச் செய்து கெடுப்பவர்களிடம் கோபப்படவும் முடியாது, சும்மா இருக்கவும் முடியாது. இந்த வேலையில் உடம்பு களைப்பதைவிட இதில்தான் அதிகம் களைத்துப் போவீர்கள். இப்போதே சொல்லி வைக்கிறேன்.

மலாயாவுக்குச் சுதந்திரம் வந்த சமயத்தில் வெள்ளைக்காரத் துரைமார் ஒவ்வொருவராக ஊருக்குக் கிளம்பினார்கள். மேசை நாற்காலியைக் கப்பலில் ஏற்றினார்கள், நாயை ஏற்றுவது அவ்வளவு எளிதாக இல்லை. சீமையில் இறங்கியதும் அதை மாதக்கணக்கில் அடைத்து வைப்பார்களாம். அதனால் சிலர் எங்களிடம் கொண்டுவந்து ஊசி போட்டு முடித்துவிடச் சொன்னார்கள். சிலர் வீட்டில் வேலை செய்தவர்களிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள். 

இதற்குச் சில வருடங்களுக்கு முன்புதான் நாட்டில் வெறிநாய்க்கடி பரவி, தெருத்தெருவாக நாய்களைச் சுட்டார்கள். அந்த வேலையில் நானும் இருந்தேன். கழுத்தில் பட்டையோடு ஓடிவந்து, நம்பி வாலாட்டிய நாய்களும் அதில் உண்டு. அந்தப் பீதி டவுனை விட்டு இன்னும் போகவில்லை. ஒரு நாய் கொஞ்சம் தள்ளாடி நடந்தாலே ஜனங்கள் கதவைச் சாத்திக்கொள்வார்கள்.

இந்த நிலைமையில்தான் ஒரு காலையில் பாப்பாத்தி எங்கள் வாசலில் வந்து நின்றாள். புக்கிட் பாரு பக்கம் ஒரு துரை பங்களாவில் துணி துவைத்துக்கொண்டிருந்தவள். வீடு காஜா பேராங்கில். ஒரு கையில் கயிறு, கயிற்றின் மறுமுனையில் ஒரு பெரிய அல்சேஷன் நாய். இன்னொரு பக்கம் அவள் மகள் லெட்சுமி. பள்ளிக்கூடம் போகும் வயது. வலது கையில் பழைய புடவைத் துணியைச் சுற்றியிருந்தாள், துணியில் ரத்தம் ஊறியிருந்தது. நாயின் வாயிலிருந்து எச்சில் கயிறு கயிறாகத் தொங்கியது.

முதலில் நாயைக் கம்பிக்கூண்டுக்குள் விட்டுக் கதவைப் பூட்டினேன். அடுத்து, பிள்ளையின் கையைக் குழாய்க்கு அடியில் பிடித்துச் சோப்புப் போட்டு வெகுநேரம் கழுவினேன். மற்ற விசாரணையெல்லாம் அதற்குப் பிறகுதான். யார் என்ன கதை சொன்னாலும், யார் அழுதாலும், முதலில் கழுவுங்கள்.

"எப்பக் கடிச்சுது?"

"காலையிலதாண்ணே. இது கடிக்கிற நாயில்லண்ணே. அந்த பங்களாவுல எத்தனை வருசமா தொவைக்கிறேன், என்னைப் பாத்துக் கொரைச்சதுகூட இல்ல. துரை போறப்ப, பாப்பாத்தி நீயே வச்சுக்கோன்னு மேம் அழுதுகிட்டே கயித்தை என் கையில குடுத்துட்டுப் போனாங்க. மேஜருன்னு பேரு."

"அப்புறம் ஏன் கடிச்சுது?"

"வந்ததுலேருந்து ஒரு வாய் தின்னலண்ணே. சோறு வச்சேன், கருவாடு வச்சேன், எங்க வூட்டுக்காரரு பசார்லேருந்து கோழிக்காலு வாங்கியாந்தாரு. தட்டப் பாத்துக்கிட்டு அப்படியே குந்திகிட்டு இருக்கு. இவதான் பாவமேன்னு வாயத் தொறந்து ஊட்டப் போனா."

தின்னவில்லை. எச்சில் ஒழுகுகிறது. ஒருநாளும் கடிக்காதது கடித்துவிட்டது. இந்த மூன்றும் ஒன்றாக வந்தால் நாம் எதை நினைக்க வேண்டும் என்று உங்களுக்கும் கற்றுக் கொடுத்திருப்பார்கள்.  பாப்பாத்தி என் முகத்தையே பார்த்துக்கொண்டு, பிள்ளைக்குக் கேட்காதபடி, "ஒண்ணும் ஆயிடாதுல்லண்ணே?" என்றாள்.  பெரிய ஆஸ்பத்திரிக்கு உடனே போ, ஊசி போடுவார்கள், போடாமல் வராதே என்றுதான் சொன்னேன்.

அந்தக் காலத்து ஊசியைப் பற்றி உங்களுக்குத் தெரிந்திருக்காது. வயிற்றில் போடுவார்கள். நாள் தவறாமல், போட்ட இடத்துக்குப் பக்கத்திலேயே மறுபடியும். பெரிய ஆண்பிள்ளைகளே படுக்கையைப் பிடித்துக்கொண்டு கத்துவார்கள். லெட்சுமியை அதற்குத்தான் அனுப்பி வைத்தேன்.

எங்கள் டாக்டர் அப்போதுதான் பொறுப்புக்கு வந்திருந்தார். அதுவரை அந்த நாற்காலியில் வெள்ளைக்காரர்தான் இருந்தார். நம் ஆள் ஒருவர் அதில் உட்கார்ந்தது எங்களுக்கெல்லாம் பெருமை. அவருக்கோ பெருமையைவிடப் பயம்தான் அதிகம். ஒரு தப்பு நடந்தால், 'இவங்க கையில கொடுத்தா இப்படித்தான்' என்று சொல்ல ஆள் காத்துக்கொண்டிருந்தது. அவர் கூண்டின் முன்னால் வந்து நின்று பார்த்துவிட்டு, என் பக்கம் திரும்பினார்.

"டிரெஸ்ஸர், இன்னைக்கே முடிச்சிடலாம். தலையை ஐஸ்ல வச்சு லேபுக்கு அனுப்பிடுவோம்."

மூளையைச் சோதித்துத்தான் வெறியா இல்லையா என்று சொல்வார்கள். சட்டப்படி அவர் சொன்னதில் தவறே இல்லை. ஆனால் நம் ஊர் வெயிலில், ரயிலில் போகும் தலை சில சமயம் கெட்டுப்போய்ச் சேரும். கெட்டுப்போனால் முடிவு தெரியாது. முடிவு தெரியாவிட்டால் அந்தப் பிள்ளை கடைசி ஊசிவரை போட்டுக்கொண்டே ஆக வேண்டும். நாய் உயிரோடு இருந்து, கூண்டில் வைத்துப் பார்க்கும் காவல் கெடு முடியும்வரை ஒன்றும் ஆகாமலிருந்தால் மட்டுமே பாதியில் நிறுத்தலாம். பெரிய ஆஸ்பத்திரி டாக்டரும் அதைத்தான் சொல்லியனுப்பியிருந்தார். நான் இதை எடுத்துச் சொன்னேன்.

"உங்களுக்கு ஏதாச்சும் ஆனா?"

"கம்பிக்கு வெளியிலதான் நிப்பேன், டாக்டர். கையை உள்ளே விடமாட்டேன்."

அவர் கூண்டின் பூட்டை இழுத்துப் பார்த்தார். கடைசியில், "சரி, பார்ப்போம். ஆனா இப்படியே தின்னாம விழுந்துச்சுன்னா அதுக்கு மேல காத்திருக்க மாட்டேன்" என்றார்.

நான் அப்படிக் கேட்டது யோசித்து எடுத்த முடிவா, அல்லது நாய்களைக் கொன்று கொன்று கை சலித்துப்போனதால் வந்த பேச்சா என்று இன்றுவரை எனக்குச் சரியாகத் தெரியாது. இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் இருந்திருக்கும். உங்களுக்கும் ஒருநாள் இப்படி வரும். வரும்போது, எதனால் சொல்கிறோம் என்று ஒரு தடவை உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். பதில் கிடைக்காவிட்டாலும் கேளுங்கள்.

கூண்டுக்குள் நீளக் கம்பால் தட்டைத் தள்ளிவிட்டு, வெளியே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். சோறும் வேகவைத்த கறியும் வைத்திருந்தேன். மேஜர் எழுந்து வந்தது. தட்டுக்கு ஒரு முழம் தள்ளி நின்றது. மோந்து பார்த்தது. பிறகு முதுகை நிமிர்த்தி உட்கார்ந்துகொண்டு என்னைப் பார்த்தது. எச்சில் தரையில் சொட்டியது. தட்டைப் பார்க்கும், என்னைப் பார்க்கும், மறுபடியும் தட்டைப் பார்க்கும். தண்ணீரை மட்டும் தானாகவே போய்க் குடித்தது.

எங்கள் ஜாகா, அதாவது காவல்காரர், அதைப் பார்த்துவிட்டு, "தண்ணி குடிக்குதே, அப்ப வெறி இல்ல லா" என்று சந்தோஷப்பட்டார். ஊரில் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். நீங்கள் நம்பிவிடாதீர்கள். வெறிபிடித்த நாயும் தண்ணீர் குடிக்கும், நான் பார்த்திருக்கிறேன். என் கண்ணில் பட்டது தண்ணீர் இல்லை, அது உட்கார்ந்த விதம். நோயாளி நாய் சோற்றைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொள்ளும். இது திருப்பவில்லை. பசியால் வாய் ஊறி ஊறி வடிகிறது, ஆனாலும் உட்கார்ந்திருக்கிறது. கல்யாணப் பந்தியில் முதல் வரிசையில் உட்கார்ந்து, இலையில் எல்லாம் பரிமாறி முடித்தும், யாராவது சாப்பிடுங்கள் என்று சொல்லக் காத்திருக்கும் ஆளைப்போல இருந்தது.

டாக்டரிடம் போய், இது உத்தரவுக்குக் காத்திருக்கிறது என்று நினைக்கிறேன் என்றேன். அவர் நம்பவுமில்லை, சிரிக்கவுமில்லை. கூண்டின் முன்னால் வந்து, "சிட்!" என்றார். ஏற்கெனவே உட்கார்ந்திருந்த நாய் இன்னும் கொஞ்சம் நிமிர்ந்தது. "டௌன்!" என்றார். படுத்தது. டாக்டரின் முகம் மாறியது.

அவ்வளவுதான். துரை வீட்டு நாய், இங்கிலீஷ் நாய், இங்கிலீஷில் ஏதோ ஒரு வார்த்தை சொன்னால் சாப்பிடும் என்று எல்லோரும் முடிவுகட்டிவிட்டோம். அந்த வார்த்தை எது என்பதுதான் பிரச்சினை.

டாக்டர் தனக்குத் தெரிந்ததையெல்லாம் சொல்லிப் பார்த்தார். "ஈட்" என்றார், "கோ ஆன்" என்றார், "டேக் இட்" என்றார். நான் வெள்ளைக்கார டாக்டரின் குரலைப்போல மூக்கால் பேசிப் பார்த்தேன். ஆபீஸ் கிளார்க் ஒருவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "டின்னர் இஸ் செர்வ்ட்" என்றார். சேதி காஜா பேராங்குக்குப் போய், பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் சைக்கிளில் வந்து கம்பிக்கு வெளியே நின்று, பைபிள் வாசிப்பதுபோல் நிறுத்தி நிறுத்திப் பேசினார். பாப்பாத்தியும் வந்தாள். அவளுக்குத் தெரிந்த இங்கிலீஷ் மூன்று வார்த்தை. "குட்மார்னிங் மேஜரு, ப்ளீஸ் லா" என்று கைகூப்பினாள். ஜாகா, சாப்பிடு என்பதை "மாக்கான்" என்று மலாயிலும் சொல்லிப் பார்த்தார், தமிழிலும் சொல்லிப் பார்த்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. நாயைப் பார்த்ததும் அது அடங்கிப்போனது. ஒவ்வொரு ஆளும் பேசும்போது அது காதை விறைத்து, அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது.

மேமுக்குக் கடிதம் போடலாம் என்றார் டாக்டர். அவர்கள் இன்னும் கப்பலில்தான் இருப்பார்கள். பதில் வருவதற்குள் நாய் மண்ணுக்குள் போயிருக்கும்.

இதற்குள் லெட்சுமிக்கு ஊசிகள் தொடங்கிவிட்டன. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குப் போகிற வழியில் அம்மாவும் மகளும் எங்கள் பக்கம் வந்துவிட்டுப் போவார்கள். பிள்ளை வயிற்றைக் கையால் பிடித்துக்கொண்டு குனிந்து நடப்பாள். கூண்டுக்குத் தூரத்தில் நின்றுகொண்டு, "மாமா, தின்னுச்சா?" என்பாள். இல்லை என்று சொல்லுவேன். அவள் தலையாட்டிவிட்டுப் போவாள்.  அந்தத் தலையாட்டலைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. கடித்த நாயைத் திட்டியிருந்தால்கூட மனதுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

மேஜர் வாடிக்கொண்டே வந்தது. விலா எலும்புகள் தெரிந்தன. முதலில் தட்டு வைத்ததும் எழுந்து வந்தது, பிறகு படுத்தபடியே தலையைத் தூக்கிப் பார்த்தது. வாயைத் திறந்து எதையும் ஊற்ற முடியாது. சந்தேகத்தில் இருக்கும் நாயின் வாய்ப்பக்கம் யார் கையும் போகக்கூடாது. அந்த விதியை மீற எனக்குப் பலமுறை ஆசை வந்தது. மீறவில்லை. ஒரு பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு நடப்பது போதும் என்று நினைத்தேன்.

ஒரு நாள் மத்தியானம் டாக்டர் வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "எழுந்திருக்கவே மாட்டேங்குது, டிரெஸ்ஸர். இனி தானா செத்தாலும், வெறியில செத்துச்சுன்னுதான் எழுதணும். நாளைக்குக் காலையில முடிச்சிடுவோம். என்னை மன்னிச்சுக்குங்க."  நான் சரி என்றேன். வாதாட என்னிடம் ஒன்றும் மிச்சமில்லை.

அன்று சாயங்காலம் மீனாச்சி வந்தாள். காஜா பேராங்கில் இருக்கும் சிட்டிக் கம்போங் என்ற குடியிருப்பிலிருந்து குவே, அதாவது பலகாரம், சுட்டுக் கூடையில் வைத்து விற்றுக்கொண்டு வருபவள். சிட்டிகளைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: பல தலைமுறைக்கு முன் இங்கே வந்து தங்கிப்போன நம்மவர்கள். நெற்றியில் திருநீறு, பெயர் மீனாச்சி, கும்பிடுவது நம் சாமி. உடுப்பது கெபாயா என்ற மேல்சட்டையும் சாரோங் கைலியும், பேசுவது அவர்களுக்கே உரிய ஒரு மலாய். தமிழ் கேட்டால் சிரிப்பாள், பதில் வராது. சாயங்காலத் தேநீர் வேளையில் அவளிடம் வாங்கித் தின்பது எங்கள் வழக்கம். அன்று எனக்கு வாய்க்கு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. கூண்டின் முன்னால் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே காலையில் வைத்த தட்டு அப்படியே இருந்தது.

அவள் நாய்க்குப் பயந்தவள். என் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு, வாழையிலையில் மடித்த குவே ஒன்றை எட்டி என் தோளுக்கு மேலாக நீட்டி, "நாஹ்" என்றாள்.

மேஜர் எழுந்தது. கால்கள் நடுங்கின. நேராகத் தட்டுக்கு வந்து, முகத்தை அதில் புதைத்துத் தின்னத் தொடங்கியது.

என் கையிலிருந்த பலகாரம் கீழே விழுந்தது. மீனாச்சி பயந்து கத்தினாள். அந்தச் சத்தத்துக்கு ஜாகா ஓடிவந்தார், பின்னாலேயே டாக்டரும் வந்தார்.  நாய் தின்னும் சத்தம் மட்டும் கேட்டது.

நாஹ் என்றால் வேறொன்றுமில்லை. நாம் 'இந்தா' என்போமே, அதுதான். மலாய் பேசுகிறவர்கள் சில்லறை கொடுத்தாலும், தண்ணீர் கொடுத்தாலும், பிள்ளையைக் கைமாற்றிக் கொடுத்தாலும் அதைச் சொல்லித்தான் கொடுப்பார்கள். நாங்களும் பசாரில் நாள் முழுக்கக் கேட்கிறோம், நாள் முழுக்கச் சொல்கிறோம். அதை ஒரு வார்த்தை என்று யாருமே எண்ணவில்லை. மாக்கான் என்று ஜாகா சொன்னபோதுகூட எங்களுக்கு அது தோன்றவில்லை.

தற்செயலாக இருக்குமோ என்று டாக்டருக்குச் சந்தேகம். தட்டு காலியானதும் கம்பால் இழுத்து, இன்னும் கொஞ்சம் வைத்து உள்ளே தள்ளினேன். கொஞ்சம்தான், காய்ந்த வயிற்றில் அள்ளிக் கொட்டக்கூடாது. மேஜர் அதன் முன்னால் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தது. நாங்கள் காத்திருந்தோம். அது தொடவில்லை. டாக்டர் தொண்டையைச் செருமிக்கொண்டு, தன் இங்கிலீஷ் குரலிலேயே, "நாஹ்" என்றார். தின்றது. டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே உள்ளே போய்விட்டார்.

மீனாச்சியிடம் விசாரித்தேன். அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. அந்த பங்களாவில் சமையல் வேலை பார்த்தவன் அவர்கள் கம்போங் ஆள்தான், இப்போது சிங்கப்பூருக்குப் போய்விட்டான். நாய்க்குச் சோறு வைத்ததெல்லாம் அவன். குட்டியாக இருந்தபோது மேஜர் விருந்துத் தட்டிலிருந்து கறியை எடுத்துத் தின்றுவிட்டதாம். விருந்தாளிகள் எதிரில் துரை இடுப்புப் பட்டையைக் கழற்றி அதைத் தோல் கிழிய அடித்தாராம். அன்றிலிருந்து எதை வைத்தாலும் அது தானாகத் தொடுவதில்லை. சமையல்காரன் தட்டை வைத்து நாஹ் என்று சொன்ன பிறகுதான் வாய் வைக்கும். இதைச் சொல்லிச் சொல்லி அவன் கம்போங்கில் வருத்தப்படுவானாம்.

"இதை ஏன் முன்னமே சொல்லல?" என்று எனக்குத் தெரிந்த மலாயில் கேட்டேன்.

"சியாப்பா தாஞா?" என்றாள். யார் கேட்டது என்று அர்த்தம். நீங்கள் எல்லோரும் இங்கிலீஷ் பேசிக்கொண்டிருந்தீர்கள், நான் என்னத்தைக் கண்டேன் என்று முணுமுணுத்துவிட்டு, விழுந்துபோன பலகாரத்துக்குப் பதிலாக இன்னொன்றை என் கையில் வைத்தாள்.

இந்தக் கதையை எங்கே சொன்னாலும், உடனே யாராவது துரைமார் போனதையும் நாய் உத்தரவுக்குக் காத்திருந்ததையும் முடிச்சுப் போட்டு, சுதந்திரத்தைப் பற்றி ஒரு பிரசங்கம் செய்வார்கள். நான் அந்த முடிச்சைப் போடவில்லை. அது பாட்டுக்கு ஒரு நாய், அதற்குப் பசித்தது. நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது சின்ன விஷயம்தான். ஒரு பிராணி தின்னவில்லை என்று கொண்டுவந்தால், என்ன வைத்தீர்கள் என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். இதுவரை யார் கை வைத்தது, அந்தக் கை எப்படி வைத்தது என்றும் கேளுங்கள். வீட்டு எஜமானுக்கு அது தெரிந்திருக்காது. சமையற்கட்டில் கேளுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நாய் தின்றதும் ஊரே கொண்டாடியது, பாப்பாத்தி அப்போதே கூட்டிக்கொண்டு போகக் கயிற்றோடு வந்துவிட்டாள். நான் கொடுக்கவில்லை. தின்பதால் மட்டும் வெறியில்லை என்றாகிவிடாது. கெடு முடியும்வரை கூண்டு பூட்டியே இருந்தது, லெட்சுமியின் ஊசியும் நிற்கவில்லை. பாப்பாத்தி என்னைக் கல்நெஞ்சக்காரன் என்றாள். பிள்ளையின் நடையைப் பார்த்தபோது எனக்கே அப்படித்தான் தோன்றியது. என்றாலும் சாவி என் இடுப்பிலேயே இருந்தது.

கெடு முடிந்தது. மேஜர் தேறி, ஜாகாவைப் பார்த்தால் வாலாட்டும் அளவுக்கு வந்துவிட்டது. டாக்டர் பார்த்துச் சரி என்றார். பெரிய ஆஸ்பத்திரிக்குச் சேதி சொல்லி ஊசியை நிறுத்தினார்கள். அம்மாவும் மகளும் வந்தார்கள். நான் நாயை வெளியே கொண்டுவந்து தூணில் கட்டினேன். லெட்சுமி கொஞ்சம் தள்ளியே நின்றாள்.

"மாமா, அது ஏன் என்னைக் கடிச்சுது? நான் சோறுதானே ஊட்டுனேன்?"

 மழுப்பிவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. களைப்பாகவும் இருந்தது. ஆனால் ஊசி போட்டுக்கொண்டவள் அவள்தான், அவளுக்குச் சொல்லத்தான் வேண்டும்.

"அது சின்னதா இருந்தப்ப, கேக்காம எடுத்துத் தின்னுச்சுன்னு போட்டு அடிச்சிருக்காங்கம்மா. நீ வாயில வச்சதும் பயந்துபோச்சு. தின்னா அடி விழும்னு நெனச்சுருக்கும்."

 அவள் வயிற்றில் வைத்திருந்த கையை எடுத்தாள்.

"நான் அடிப்பேன்னா நெனச்சுச்சு?"

"உன்னைன்னு இல்லம்மா."

அவள் நடந்து போய் மேஜரின் முன்னால் தரையில் உட்கார்ந்தாள். பாப்பாத்தி பதறி ஓர் அடி எடுத்து வைத்தாள், நான் கையைக் காட்டி நிறுத்தினேன். அதன் தட்டு கழுவிக் கவிழ்த்தபடி பக்கத்தில் கிடந்தது. லெட்சுமி அதை எடுத்து நாயின் முன்னால் நிமிர்த்தி வைத்தாள். மேஜர் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்துகொண்டு அவள் வாயைப் பார்த்தது.

"நாஹ்" என்றாள். பிறகு மறுபடியும், "நாஹ். நாஹ். நாஹ்." நிறுத்தவே இல்லை. மேஜர் வெறும் தட்டையும் அவளையும் மாறி மாறிப் பார்த்துத் திகைத்தது.

"ஏண்டி, தட்டுல ஒண்ணுமே இல்லையே, யாருக்குடி சொல்றே?" என்று பாப்பாத்தி சிரித்தாள்.

லெட்சுமி திரும்பிப் பார்க்கவில்லை. "இனிமே திங்கப் போறதுக்கெல்லாம் சேத்து இப்பவே சொல்லி வைக்கிறேன்மா" என்றாள்.